ஆர்ட்டின் ஏஸும் இஸ்பேட் ஏஸும்

சீட்டாட்டம் நடக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஏஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. யார் மேலும் உடலுறவு ஈர்ப்பு எழாதவர்களைக் குறிக்கும் ஏசெக்சுவல் என்ற நீளமான ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி 'ஏஸ்' என்று கூப்பிடப்போய், அந்தச் சீட்டே அவர்களுக்கு அடையாளமாகிவிட்டது. அதிலும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். காதல் வரும், ஆனால் யாரைப் பார்த்தாலும் உடலுறவு ஆசை எழாது என்பவர்களுக்கு ஆர்ட்டின் ஏஸ். இரண்டுமே வராது என்பவர்களுக்கு இஸ்பேட் ஏஸ். டைமனும் கிளாவரும் இடையில் எங்கோ இருப்பவர்களுக்கு.

ஒரே பெயருக்குள் ஏன் இத்தனை சீட்டு? அதைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

தமிழில் இதை அல்பாலீர்ப்பு என்று எழுதுகிறார்கள். பாலீர்ப்பு இல்லாத நிலை, அவ்வளவுதான். பேச்சில் ஏஸ் என்பதுதான் புழங்குகிறது, நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். 2001-இல் அமெரிக்காவில் டேவிட் ஜே என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய இணைய அமைப்புதான் இன்று பரவலாகச் சொல்லப்படும் வரையறையைப் பரப்பியது. அந்த அமைப்பைச் சுருக்கமாக ஏவென் என்பார்கள். வரையறை ஒரே வரி: ஏஸ் என்பவர் பாலீர்ப்பை உணராதவர்.

இந்த வரியில் இருப்பதைவிட இல்லாததைக் கவனியுங்கள். காதலிக்க மாட்டார் என்று அதில் இல்லை. கல்யாணம் செய்ய மாட்டார், குழந்தை பெற மாட்டார் என்று இல்லை. உடலுறவே கொள்ளாதவர் என்றுகூட இல்லை. நாம்தான் ஒரு 'இல்லை'யைக் கேட்டதும் பின்னால் நாலைந்து 'இல்லை'யை நாமாகவே கோத்துவிடுகிறோம்.

சரி, பாலீர்ப்பு என்றால் என்ன? ஒருவரைப் பார்த்ததும், அல்லது பழகப் பழக, 'இவரோடு உடலால் சேர வேண்டும்' என்று எழும் இழுப்பு. பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் இது தானாகத் தொடங்கிவிடுகிறது. அதனால் மூச்சு விடுவதைப் போல அதையும் அவர்கள் தனியாகக் கவனிப்பதில்லை. ஏஸ் ஆனவர்களோ பள்ளியில் தோழிகளெல்லாம் யாரோ ஒரு நடிகரைப் பற்றிக் கிசுகிசுத்துச் சிரிக்கும்போது, எல்லோரும் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மிகை இல்லை, மற்றவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது என்று பல வருடம் கழித்துத் தெரியவந்ததாகச் சொல்பவர்கள் நிறைய.

இங்கே ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். ஈர்ப்பு வேறு, வேட்கை வேறு, நடத்தை வேறு. பசி எடுப்பது வயிற்றின் வேலை. எதிரில் இருக்கும் தட்டைப் பார்த்து நாக்கு ஊறுவது வேறு. தட்டில் கை வைப்பது மூன்றாவது. சில ஏஸ்களுக்கு உடலில் வேட்கை எழும், ஆனால் அது எந்த மனிதரையும் நோக்கித் திரும்பாது. சிலருக்கு அதுவும் மிகக் குறைவு. ஈர்ப்பே இல்லாமல், துணைவருக்காகவோ குழந்தைக்காகவோ நெருக்கத்துக்காகவோ உடலுறவு கொள்பவர்களும் உண்டு. மறுபக்கம், எக்கச்சக்க ஈர்ப்பு உள்ள ஒருவர் விரதம் பூண்டு பிரம்மச்சரியம் காக்கலாம். அது முடிவு. இது சுபாவம். துறவியையும் ஏஸையும் ஒன்றாக நினைப்பதுதான் நம்மூரில் நடக்கும் முதல் குழப்பம்.

இரண்டாவது குழப்பம் சுவரில் ஒட்டியிருக்கிறது. பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில், 'இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம்' என்ற அந்தப் போஸ்டர்களைச் சொல்கிறேன். ஆசை இல்லையென்றால் குறை, குறையென்றால் லேகியம். ஏஸ் ஆண்கள் பெரும்பாலோருக்கு உடல் எல்லோருக்கும்போலத்தான் இயங்குகிறது. லேகியம் சாப்பிட்டால் காசுதான் போகும்.

மருத்துவ உலகமே இதில் தெளிவுக்கு வர நேரம் எடுத்துக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல், பாலுறவு ஆசைக் குறைவை ஒரு கோளாறாக வைத்திருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான், தன்னை ஏசெக்சுவல் என்று உணர்ந்து சொல்பவருக்கு இந்த நோய்ப்பெயரைச் சூட்டக்கூடாது என்று எழுத்தில் சேர்த்தார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நன்றாக இருந்த ஆசை திடீரென்று அடங்கிப்போய், அது உங்களுக்குச் சங்கடமாகவும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, மனச்சோர்வு, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான், எனக்கு இதில் வருத்தமும் இல்லை என்பவரின் கதை வேறு.

இனி, அந்த ஆர்ட்டின் ஏஸ்.

ஏஸ்கள் தங்களுக்குள் பேசிப் பேசிக் கண்டுபிடித்த மிகப் பயனுள்ள விஷயம், ஈர்ப்பு என்பது ஒற்றைப் பொருள் இல்லை என்பது. அது பல நூல்களை முறுக்கிய கயிறு. பெரும்பாலானவர்களுக்கு நூல்கள் சேர்ந்தே இருப்பதால் கயிறு மட்டும் தெரிகிறது. ஏஸ்களிடம் ஒரு நூல் இல்லாததால் மற்றவை தனித்தனியாகத் தெரிந்துவிட்டன.

காதல் ஒரு நூல். ஒருவரையே நாளெல்லாம் நினைப்பது, அவர் செய்தி வந்ததா என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது, அவரோடு ஒரு வீடு, ஒரு வயோதிகம் என்று கற்பனை செய்வது. இதெல்லாம் படுக்கையறை நினைப்பு துளியும் இல்லாமல் முழு வேகத்தில் வரும். அழகை ரசிப்பது இன்னொரு நூல். மேடையில் ஆடுபவரிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது, ஆனால் ஓவியத்தைப் பார்ப்பதுபோல பார்ப்பதோடு நிறைவு. தொடுகை வேறு ஒன்று: கட்டிப்பிடிக்க, தோளில் சாய, தலையைக் கோதிவிட ஆசை இருக்கும், அதற்கு மேல் போக வேண்டுமென்று இருக்காது. அப்புறம் நட்பின் இழுப்பு. 'இந்த ஆளை நான் எப்படியாவது நண்பனாக்கிக்கொள்ள வேண்டும்' என்ற தவிப்பு காதலுக்குச் சளைத்தது இல்லை. ஆங்கிலம் பேசும் ஏஸ்கள் அதற்கு 'ஸ்க்விஷ்' என்று ஒரு விளையாட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்க்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. சங்கப் பாட்டுகளில் காமம் என்ற சொல் காதலையும் சேர்த்தே குறிக்கும். ஏங்குவதும் காத்திருப்பதும் கூடுவதும் எல்லாம் காமம்தான். பிறகு எப்போதோ காமம் கீழிறங்கிக் கெட்ட வார்த்தை மாதிரி ஆனது, காதல் மேலேறி உட்கார்ந்துகொண்டது. ஆக, இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஒன்று இல்லாமல் மற்றொன்று மட்டும் ஒரு மனிதரிடம் இருக்கலாம் என்று சொன்னால் நம்புவதற்குத்தான் தயங்குகிறோம்.

ஏஸ்களுக்குக் காதல் வருகிற திசையும் பலவிதம். எதிர்பாலினரைக் காதலிப்பவர், தன்பாலினரைக் காதலிப்பவர், பாலினம் பார்க்காமல் காதலிப்பவர் எல்லோரும் உண்டு. ஒரு பெண் ஏஸாகவும் இருந்து பெண்ணையே காதலிப்பவராகவும் இருந்தால், வீட்டில் இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கும். முதல் விளக்கத்துக்கே யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

விஞ்ஞானம் இவர்களை எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சின்னக் கதைதான். 1948-இல் ஆல்ஃபிரட் கின்சி அமெரிக்க ஆண்களின் பாலுறவு வாழ்க்கை பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். 0 முதல் 6 வரை ஓர் அளவுகோல்: 0 என்றால் முழுக்க எதிர்பால் நாட்டம், 6 என்றால் முழுக்கத் தன்பால் நாட்டம். கோலில் எங்கேயும் நிற்காதவர்களுக்கு 'எக்ஸ்' என்று ஓர் எழுத்தைப் போட்டார். பரீட்சைக்கு வராத பையனின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போடுவதைப் போல. 1980-இல் உளவியலாளர் மைக்கேல் ஸ்டார்ம்ஸ் அந்த ஒற்றைக் கோட்டைச் சதுரமாக்கினார். ஆண் மேல் ஈர்ப்பு எவ்வளவு, பெண் மேல் ஈர்ப்பு எவ்வளவு என்பதை இரண்டு தனி அளவாக வைத்தால், இரண்டுமே குறைவாக உள்ளவர்களுக்கும் சதுரத்தில் ஒரு மூலை கிடைக்கிறது. 2004-இல் கனடாவின் ஆன்டனி போகார்ட், 18,000-க்கும் மேற்பட்ட பிரிட்டன்வாசிகளிடம் எடுக்கப்பட்டிருந்த கருத்துக்கணிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். யார் மேலும் எப்போதும் பாலீர்ப்பே தோன்றியதில்லை என்ற பதிலை ஏறத்தாழ 1 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதில் ஏற்கெனவே அங்கே இருந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த 1 சதவீதம் 'எப்போதும் இல்லை' என்றவர்களை மட்டும் எண்ணியது. எப்போதாவது, மிக அரிதாக, அல்லது குறிப்பிட்ட சூழலில் மட்டும் ஈர்ப்பு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை கிரே ஏஸ் என்பார்கள், வெள்ளையும் கறுப்பும் இல்லாத சாம்பல் நிறம். ஏஸ் கொடியிலும் கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா என்று நான்கு பட்டைகள், 2010-இல் வந்தது. ஆழமான மனப்பிணைப்பு உண்டான பிறகுதான் ஈர்ப்பே எழும் என்பவர்கள் டெமிசெக்சுவல்.

டெமி என்றதும் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க எல்லாருமே அப்படித்தானே?" இல்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்த்து ஈர்ப்பு வரும், எழுந்து போய்விடுவார். டெமி ஆனவருக்கு ரயில் பயணத்தில் ஒன்றுமே நடக்காது. ஐந்து வருடம் பழகிய ஒருவரிடம் ஒருநாள் திடீரென்று நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஒழுக்கம் ஈர்ப்பை அடக்குவது. இங்கே அடக்குவதற்கு எதுவும் இல்லை.

இதற்கு மேலும் ஏராளமான உட்பிரிவுப் பெயர்கள் இணையத்தில் புழங்குகின்றன. உண்மையைச் சொன்னால் அவற்றில் பாதி எனக்குக் களைப்பைத் தருகிறது. ஆனாலும் நடு இரவில் தனக்கு என்ன பெயர் என்று தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தப் பட்டியலில் ஒன்று பொருந்திப்போவது சின்ன விஷயம் இல்லை. தொடங்குபவர்களுக்கு ஏஸ், கிரே, டெமி மூன்றும் போதும்.

இஸ்பேட் ஏஸுக்கு வருவோம். காதல் உணர்வே வராதவர்களை ஏரோமேன்டிக், சுருக்கமாக ஏரோ என்பார்கள். ஏஸும் ஏரோவும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. ஏஸ்களில் ஏரோ உண்டு, ஏரோ அல்லாதவரும் உண்டு. பாலீர்ப்பு நன்றாக இருந்து காதல் மட்டும் வராத ஏரோக்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வகையினரை உலகம் மிகச் சுலபமாகக் கல்நெஞ்சர், பொறுக்கி என்று முடித்துவிடுகிறது.

பிரிட்டன் மாடல் யாஸ்மின் பெனாய்ட் இஸ்பேட் ஏஸ் ரகம், இரண்டும் வராதவர். உள்ளாடை விளம்பரங்களுக்கு நிற்பவர். இந்த உடுப்பில் நிற்கிற நீ எப்படி ஏஸ் ஆவாய் என்று கேட்டவர்களுக்கு, ஏஸ் பார்க்க இப்படித்தான் இருப்பார் என்று தன் படத்தையே போட்டு ஒரு ஹேஷ்டேக் பிரசாரம் நடத்தினார். இழுத்துப் போர்த்திக்கொண்டு திரிபவர், கூச்சப்படுபவர் என்ற படம் நம் மனதில் இருக்கிறதே, அது துறவிக் குழப்பத்தின் மிச்சம்தான்.

காதலும் இல்லை, உடலும் இல்லை என்றால் வாழ்க்கையில் யார் இருப்பார்கள் என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஒரே ஒருவரோடு காதல் கொண்டு ஜோடியாக வாழ்வதுதான் எல்லோருக்கும் நல்லது, எல்லோரும் விரும்புவதும் அதைத்தான் என்பது. மெய்யியலாளர் எலிசபெத் பிரேக் 2012-இல் இதற்கு அமட்டோநார்மட்டிவிட்டி என்று பெயரிட்டார். வாயில் நுழையாத பெயர். விஷயம் நமக்குப் பழக்கமானதுதான். முப்பது தாண்டிய எவரும் கல்யாண வீட்டுப் பந்தியில் இதைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியிருப்பார்கள்.

பல ஏரோக்கள் தனியாக வாழ்கிறார்கள், நன்றாகவே. வேறு சிலர் கட்டிக்கொண்ட உறவுக்கு இங்கிலீஷில் குயர்பிளாட்டானிக் என்று பெயர். 2010-இல் இணையத்தில் ஏஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது உருவான சொல். நட்புக்குள்ளும் அடங்காது, காதலும் இல்லை. இருவர் சேர்ந்து வீடு எடுப்பார்கள், வங்கிக் கணக்கு வைப்பார்கள், ஒருவருக்கு வேலை மாறினால் மற்றவரும் ஊர் மாறுவார், ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் மற்றவர் கூட இருப்பார். அப்படிப்பட்ட துணையை என்னவென்று அழைப்பது? காதலன், காதலி, கணவன் எதுவும் பொருந்தவில்லை. கிண்டலாக 'சுக்கினி' என்று வைத்தார்கள், சீமைச் சுரைக்காய் மாதிரியான அந்தக் காய். பொருத்தமான சொல் இல்லாத இடத்தில் எந்தச் சொல்லும் ஒன்றுதானே என்ற நக்கல்.

ஏவென் தொடங்கிய டேவிட் ஜேயின் கதையே இதற்கு நல்ல உதாரணம். அவருக்குக் குழந்தை வளர்க்க வேண்டுமென்று ஆசை. திருமணமான ஒரு தம்பதி அவருக்கு நெருங்கிய நண்பர்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்தபோது இவரும் அதே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, சட்டப்படி மூன்றாவது பெற்றோர் ஆனார். கலிபோர்னியா 2013-இல் இயற்றிய சட்டம் ஒரு குழந்தைக்கு இரண்டு பேருக்கு மேல் பெற்றோராக இருக்க நீதிமன்றம் அனுமதிக்க வழிசெய்தது. கூட்டுக் குடும்பத்தில் சித்தப்பா தோளில் வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி புதிது இல்லை. சித்தப்பாவுக்குச் சட்டக் காகிதம் கிடைத்ததுதான் புதிது.

இனி, ஏஸ் அல்லாத ஒருவரோடு ஏஸ் வாழ்வது. எண்ணிக்கையை யோசித்தாலே இதுதான் அதிகம் நடக்கும் என்று தெரியும். இதில் முதலில் கேட்க வேண்டியது, உடலுறவு பற்றி அந்த ஏஸின் மனநிலை என்ன என்பது. சிலருக்கு அது இதமாகவே இருக்கும். சிலருக்குப் பாத்திரம் கழுவுகிற மாதிரி, செய்தால் செய்யலாம். சிலருக்கு நினைத்தாலே குமட்டும். மூன்று பேரும் ஏஸ்தான், மூன்று கல்யாணங்களும் மூன்று விதம். பேசித் தீர்த்துக்கொண்ட ஜோடிகள் இருக்கிறார்கள்: எப்போது, எதுவரை, எது வேண்டவே வேண்டாம் என்று. தொடுகையையும் பேச்சையும் வைத்தே நெருக்கத்தைக் கட்டியவர்கள் உண்டு, துணைக்கு வெளியுறவை அனுமதித்தவர்களும் உண்டு. ஒத்துவராமல் மரியாதையோடு பிரிந்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம்மூரில் சிக்கல் எங்கே என்றால், இந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடத்தில் ஜாதகம் இருக்கிறது. "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்." சரியாகாது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்ல வார்த்தை கிடைக்காத ஒரு பெண்ணை முதலிரவு அறைக்குள் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது அது. சட்டமும் அவளுக்கு இரண்டு பக்கமும் அணைகட்டி நிற்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒருவரின் ஆண்மையின்மை அல்லது உடலுறவு இயலாமையால் திருமணம் நிறைவேறாவிட்டால் அதை ரத்து செய்ய வழிவைத்திருக்கிறது. தக்க காரணமோ உடல் இயலாமையோ இல்லாமல் நீண்டகாலம் உடலுறவை மறுப்பது மனக்கொடுமை ஆகலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சமயம், பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்தினால் அது வன்புணர்வு ஆகாது என்ற விதிவிலக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய குற்றச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இன்னும் இருக்கிறது. மறுத்தால் கொடுமைக்காரி. மறுத்தும் நடந்தால் சட்டத்தில் அது வன்புணர்வே இல்லை. ஏஸ் என்ற சொல்லைக் கல்யாணத்துக்கு முன்பே ஒருவர் தெரிந்துகொள்வதில் என்ன பயன் என்று யாராவது கேட்டால், எனக்குத் தோன்றும் பதில் இதுதான்: வேண்டாம் என்று சொல்லிப் பயன் உள்ள நேரம் அது ஒன்றுதான்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், எல்ஜிபிடிக்யூஐஏ+ என்று சுருக்கிச் சொல்லப்படும் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்த' முயல்வதற்குத் தடை விதித்தது. அந்த எழுத்து வரிசையில் கடைசியில் இருக்கும் ஏ, ஏசெக்சுவலின் ஏ. நியூயார்க் மாநிலம் இதற்கு வெகு முன்பே, 2002-இல், பாகுபாட்டுக்கு எதிரான தன் சட்டத்தில் ஏசெக்சுவாலிட்டியை நேரடியாகப் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது.

உங்களிடம் யாராவது வந்து, நான் ஏஸ் என்று சொன்னால் சரியான ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ஏஸ் என்று கேட்கலாம், அவர் சொல்ல விரும்பினால்.

தெருவில் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: வலது கை நடுவிரலில் கறுப்பு மோதிரம் போடும் வழக்கம் 2005 வாக்கில் ஏஸ்களிடையே தொடங்கியது. ஆனால் அதை நம்பி நம்மூரில் யாரிடமும் போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். சனி தோஷத்துக்காகக் குதிரை லாடத்தில் மோதிரம் செய்து அதே நடுவிரலில் போட்டிருப்பவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.